டென்சன் மாத்திரை: ஆரம்பிக்கிற அன்னிக்கே நிறுத்துற வழியையும் கேட்டு வைங்க

"போதை மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது"ன்னு பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, ஊர் பேர் மட்டும்தான் மாறுது. சில செய்தில மாத்திரையோட பேரும் போட்டுடுறாங்க, நைட்ரசிபாம், அல்பிரசோலாம்னு. அதைப் படிச்சுட்டு வீட்டு பீரோவைத் திறந்து பாத்தா, அம்மாவுக்கு தூக்கம் வரலைன்னு டாக்டர் எழுதிக்குடுத்த அட்டையிலயும் அதே பேரு. அங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது. அப்ப நாம சாப்பிடுறதும் போதை மாத்திரையா, நிறுத்திடலாமா, இல்ல டாக்டர் குடுத்ததுதானேன்னு விட்டுடலாமா?

ரெண்டு விதமா ஆளுங்க நடந்துக்குறாங்க. பயந்துபோய் அன்னைக்கு ராத்திரியே அட்டையைத் தூக்கி குப்பையில போடுறவங்க ஒரு வகை. "எனக்கு டாக்டர்தானே குடுத்தாரு"ன்னு ஒரே சீட்டைக் காட்டி வருஷக்கணக்கா வாங்கி சாப்பிடுறவங்க இன்னொரு வகை. ரெண்டுமே ஆபத்து, அதுலயும் முதல் வகைக்கு ஆபத்து சில நாள்லயே வந்து நிக்கும். இந்த மாத்திரை சரியான ஆளுக்கு, சரியான அளவுல, கொஞ்ச நாளைக்குன்னா நல்லா வேலை செய்யுற மருந்து. பிரச்சனை எங்க வருதுன்னா, எப்ப நிறுத்துறதுன்னு பேசாமலே ஆரம்பிக்கிறதுல.

எதை எல்லாம் டென்சன் மாத்திரைன்னு சொல்றோம்

நம்ம பக்கம் நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, டென்சன் மாத்திரைன்னு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு சொல்லிடுறோம். உள்ள வேற வேற ஜாதி மருந்து இருக்கு, ஒவ்வொண்ணோட ஆபத்தும் வேற.

1. பென்சோடயசிபைன் குடும்பம், சுருக்கமா பென்சோ. அல்பிரசோலாம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு, நைட்ரசிபாம், குளோபசாம் எல்லாம் இதுல வரும். எடிசோலாமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் வேலை செய்யும். அரை மணி, ஒரு மணி நேரத்துல படபடப்பு அடங்கும். உடம்பு பழகிப்போற பிரச்சனையும் இந்தக் குடும்பத்துலதான் பெருசு. இந்தக் கட்டுரை முக்கியமா இதைப் பத்திதான்.

2. எஸ்எஸ்ஆர்ஐ வகை. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், பராக்ஸிடின் மாதிரி. டிப்ரஷனுக்குன்னு வந்த மருந்து, ஆனா நாள்பட்ட மனப்பதட்டத்துக்கும் பேனிக் அட்டாக்குக்கும் இன்னைக்கு முதல்ல குடுக்குறது இதைத்தான். சாப்பிட்ட அன்னைக்கே ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் பொறுக்கணும்.

3. ப்ரோப்ரனலால். இது பீட்டா பிளாக்கர். மேடை ஏறும்போது கை நடுங்குறது, நெஞ்சு அடிச்சுக்கிறது, இந்த உடம்புக் குறியைத்தான் குறைக்கும், மனசுல ஓடுற பயத்தை அவ்வளவா தொடாது. ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு ஆகாது. இன்சுலின் போடுறவங்களுக்கு சுகர் இறங்கும்போது வர்ற படபடப்பை மறைச்சிடும், அதனால டாக்டர்கிட்ட சுகர் இருக்குன்னு முதல்லயே சொல்லிடணும்.

4. பிரிகாபலின், புஸ்பிரோன், ஹைட்ராக்சிசின்னு இன்னும் சிலது இருக்கு. ஆளுக்கும் நிலைமைக்கும் தக்க டாக்டர் குடுப்பாங்க.

அட்டையோட பின்பக்கம்

நான் ரொம்ப வருத்தப்படுற விஷயம் இது. பென்சோ சாப்பிடுற நிறைய பேருக்கு அதைத்தான் சாப்பிடுறோம்னே தெரியாது. ஏன்னா நம்ம நாட்டுல ரெண்டு மருந்தைச் சேத்து ஒரே மாத்திரையா விக்கிறது ரொம்ப சகஜம்.

அட்டையைத் திருப்பிப் பாருங்க. முன்னாடி கம்பெனி வச்ச பேரு பெருசா இருக்கும். பின்னாடி பொடி எழுத்துல, வெள்ளி கலர் மேல, வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் படிக்க முடியுற மாதிரி ரெண்டு மூணு வரி இருக்கும், அதுல எஸ்சிடலோபிராம் 10 எம்ஜி, அதுக்குக் கீழ குளோனசிபாம் 0.5 எம்ஜின்னு போட்டிருக்கும். முதல் மருந்தை பல மாசம் சாப்பிட வேண்டியது, ரெண்டாவதை சில வாரத்துல நிறுத்த வேண்டியது, ரெண்டும் ஒரே மாத்திரைக்குள்ள கிடந்தா ஒண்ணை மட்டும் எப்படி நிறுத்துறது? மாத்திரையே ஒண்ணுதான், அதனால வருஷக்கணக்குல ரெண்டும் சேந்தே உள்ள போகுது.

இதே மாதிரி ப்ரோப்ரனலாலோட அல்பிரசோலாம் சேந்து வரும். அமிட்ரிப்டிலினோட குளோர்டயசிபாக்சைடு சேந்து வரும். வயித்து இழுப்புக்கும் குடல் பிரச்சனைக்கும் குடுக்குற சில மாத்திரையில கிளிடினியத்தோட குளோர்டயசிபாக்சைடு இருக்கும், சாப்பிடுறவரு வயித்து மாத்திரைன்னே நினைச்சுக்கிட்டு இருப்பாரு, "அதை போட்டாத்தான் அண்ணே வயிறும் மனசும் லேசாகுது"ம்பாரு. மனசு லேசாகுறதுக்குக் காரணம் அந்த ரெண்டாவது பேருதான்.

அட்டையை வெட்டி அஞ்சு மாத்திரை மட்டும் குடுக்கும்போது பேரு இருக்குற பக்கம் கடையிலயே நின்னுபோயிடும், கையில வர்ற துண்டுல பாதி எழுத்துதான் இருக்கும். வாங்கும்போதே முழுப் பேரையும் எம்ஜியையும் ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கங்க, இல்லைன்னா பில் கேட்டு வாங்குங்க.

எம்ஜி கணக்குலயும் ஏமாந்துடக்கூடாது. "அரை எம்ஜிதானே, குழந்தைக்குக் குடுக்குற பவர்"னு சொல்றது தப்பு. ஆஷ்டன்ங்கிற டாக்டரம்மா போட்ட ஒப்பீட்டுக் கணக்குப்படி அல்பிரசோலாம் 0.5 எம்ஜி, டயசிபாம் 10 எம்ஜிக்கு சமம். எம்ஜி சின்னதா இருக்குன்னா மருந்து லேசுன்னு அர்த்தம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரங்க டயசிபாம் 5 சாப்பிடுறாங்க, நான் அல்பிரசோலாம் 1 தானேன்னு ஒப்பிடுறதுல அர்த்தமே இல்ல.

மூளைக்குள்ள என்ன பண்ணுது

நரம்பு செல்லுங்க ஒண்ணை ஒண்ணு தூண்டிக்கிட்டே இருக்கும். அது எல்லை மீறிப் போகாம அடக்குறதுக்கு மூளையே காபான்னு ஒரு வேதிப்பொருளை வச்சிருக்கு. அது நரம்பு செல் மேல இருக்குற ஒரு வாசல்ல போய் உக்காந்தா குளோரைடு உள்ள போகும், அந்த செல் கொஞ்ச நேரம் அமைதியாயிடும். வண்டிக்கு பிரேக் மாதிரி. பென்சோ மாத்திரை புதுசா எதையும் கொண்டு வர்றதில்ல, மூளையோட சொந்த பிரேக்கை இன்னும் அழுத்தி மிதிக்க வைக்குது, அவ்வளவுதான். அதான் பதட்டம் குறையுது, தூக்கம் வருது, தசை இறுக்கம் விடுது, வலிப்பும் நிக்குது. அதே காரணத்தாலதான் ஞாபகம் மங்குது, நடை தள்ளாடுது, அளவு மீறினா மூச்சும் அடங்குது. நல்லது கெட்டது ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வர்றதுனால ஒண்ணை மட்டும் தனியா பிரிச்சு எடுக்க முடியாது.

இந்த மருந்து வந்த கதையையும் சொல்லணும். அதுக்கு முன்னாடி இருந்தது பார்பிட்யூரேட், அளவு கொஞ்சம் கூடினாலும் உயிரை எடுக்கும். ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியில லியோ ஸ்டெர்ன்பாக்ங்கிற வேதியியல்காரரு கண்டுபிடிச்ச குளோர்டயசிபாக்சைடு 1960ல விற்பனைக்கு வந்துச்சு, 1963ல டயசிபாம். பழசை விட எவ்வளவோ பாதுகாப்பானதுன்னு டாக்டருங்க எல்லாம் சந்தோசப்பட்டாங்க, அது நிஜமும்கூட. ஆனா பெரிய அளவுல குடுத்து திடீர்னு நிறுத்தினா வலிப்பு வருதுன்னு 1961லயே ஆராய்ச்சியில பாத்துட்டாங்க. வழக்கமான அளவுலயே உடம்பு பழகிப்போகும்ங்கிறதை உலகம் ஒத்துக்க அதுக்கப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அமெரிக்காவுல மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ, இந்தக் குடும்பம் முழுசுக்கும் பழக்கம், அடிமைத்தனம், நிறுத்தும்போது வர்ற ஆபத்துன்னு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை 2020 செப்டம்பர்லதான் சேத்தாங்க.

உடம்பு எப்படி பழகுது

பிரேக் தினமும் கூடுதலா விழுதுன்னு தெரிஞ்சா மூளை சும்மா இருக்காது, அந்த வாசல்களோட உணர்ச்சியைக் குறைச்சுக்கும், தூண்டுற பக்கத்தை ஏத்திக்கும். சில வாரத்துல இந்த மாத்தம் வந்துடும். அதனாலதான் வெறும் பதட்டத்துக்கு பென்சோ குடுத்தா ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மேல போகாம பாத்துக்கணும்ங்கிறது உலகம் முழுக்க பொதுவா சொல்ற கணக்கு.

இங்க ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். உடம்பு பழகுறது வேற, அடிமையாகுறது வேற. டாக்டர் சொன்ன அளவை ஒரு நாளும் மீறாத ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கும் உடம்பு பழகும், நிறுத்தினா நடுக்கம் வரும். அவரை போதை ஆசாமின்னு சொன்னா அது அநியாயம். அடிமைத்தனம்னா மருந்து மேல ஏக்கம், அளவை தானே ஏத்துறது, ரெண்டு மூணு டாக்டர்கிட்ட மாத்தி மாத்தி சீட்டு வாங்குறது, கெடுதின்னு தெரிஞ்சும் விட முடியாம இருக்குறது. வீட்டுல இருக்குறவங்க இந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சுக்கணும், ஏன்னா "நீ போதைக்கு அடிமையாயிட்ட"ன்னு திட்டின உடனே அந்த மனுசரு ரோசத்துல மாத்திரையை ஒரே நாள்ல நிறுத்துவாரு, அங்கதான் விபரீதம்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. அல்பிரசோலாம் உடம்புல பாதியா குறைய சுமார் 11 மணி நேரம் ஆகும், ஆனா அது தர்ற நிம்மதி அதுக்கு முன்னாடியே குறைய ஆரம்பிச்சுடும். தினமும் சாப்பிட்டு பழகின ஒருத்தருக்கு காலையில போட்ட மாத்திரை சாயங்காலம் இறங்கும்போது நெஞ்சு படபடங்கும், கை வேர்க்கும், ஒரு காரணமும் இல்லாம பயம் வரும். அவரு என்ன நினைப்பாருன்னா, "நோய் முத்திருச்சு, மாத்திரை இல்லாம என்னால முடியாது"ன்னு. உண்மையில மாத்திரை இறங்குறதுதான் அந்த படபடப்பு. அடுத்த மாத்திரை போட்டதும் சரியாயிடும், நம்பிக்கை இன்னும் உறுதியாயிடும், அளவு கூடும். இந்த வட்டத்துல மாட்டினவங்க டாக்டர்கிட்ட போய் "எத்தனை மணிக்கு படபடப்பு வருது, எத்தனை மணிக்கு மாத்திரை போட்டேன்"னு ஒரு வாரம் எழுதி வச்சுக் காட்டினா அவரு சட்டுன்னு புரிஞ்சுக்குவாரு.

திடீர்னு நிறுத்தினா

மூளை தன் பிரேக்கைக் குறைச்சு வச்சிருக்கு, வெளியில இருந்து வந்த பிரேக்கும் ஒரே நாள்ல போயிடுச்சுன்னா அடக்க ஆளில்ல. தூக்கம் சுத்தமா போகும், நடுக்கம், வேர்வை, வாந்தி வர்ற மாதிரி, சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாம போறது, சிலருக்கு இல்லாதது கண்ணுல தெரியுறது, ரொம்ப மோசமாப் போனா வலிப்பு. இந்த வலிப்பு உயிரை எடுக்கக்கூடியது.

எப்ப வரும்ங்கிறது எந்த மருந்துன்னு பாத்துதான். அல்பிரசோலாம், லோரசிபாம்னா ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆரம்பிச்சுடும். குளோனசிபாம் பாதியா குறையவே 30, 40 மணி நேரம் ஆகும், டயசிபாம் உடைஞ்சு வர்ற பொருள் அதுக்கும் மேல நாள் கணக்குல தங்கும், அதனால இதுல எல்லாம் சில நாள் கழிச்சு, சில சமயம் ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். "நிறுத்தி நாலு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே"ன்னு தைரியமா இருந்தவங்களுக்கு ஆறாவது நாள் வர்றது இதனாலதான், அப்ப யாருக்கும் மாத்திரை ஞாபகமே வராது.

நிறுத்தினப்புறம் பதட்டம் வந்தா அது மூணுல ஒண்ணா இருக்கலாம்:

1. பழைய நோய் திரும்புறது. மெதுவா, வாரக்கணக்குல, முன்னாடி இருந்த அதே மாதிரி வரும்.
2. எதிர்வீச்சு. முன்னாடி இருந்த அதே படபடப்பு, தூக்கமின்மை, ஆனா முன்னை விட வேகமா, நிறுத்தின உடனே வரும், கொஞ்ச நாள்ல தணியும்.
3. விடுபடும்போது வர்ற தொந்தரவு. முன்னாடி இல்லாத புதுக் குறிகள், நடுக்கம், தசை துடிக்கிறது, சத்தம் தாங்காதது மாதிரி.

மூணுக்கும் வைத்தியம் வேற வேற. மூணையும் "மாத்திரை இல்லாம முடியலை"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு பழைய அளவுக்கே போறதுதான் பெரும்பாலும் நடக்குது.

குளோனசிபாமும் குளோபசாமும் வலிப்பு நோய்க்கும் குடுக்குற மருந்து. வலிப்புக்காக சாப்பிடுறவங்க இந்தச் செய்தி எல்லாம் படிச்சுட்டு ஒரு வேளைகூட விட்டுடாதீங்க, உங்க கணக்கே வேற.

எதோட சேரக்கூடாது

சாராயம்தான் முதல்ல. டாஸ்மாக் சரக்கும் இதே காபா வாசல்லதான் வேலை செய்யுது, ரெண்டும் சேந்தா தூக்கத்துலயே மூச்சு அடங்கிப் போகலாம். பென்சோ மட்டும் கூடுதலாப் போயி உயிர் போறது அபூர்வம், ஆனா கூட சரக்கு சேந்தாலோ வலி மாத்திரை சேந்தாலோ அந்தக் கணக்கு எல்லாம் செல்லாது. "குடிச்ச அன்னைக்கு மாத்திரை போடலை, முந்தின நாள்தான் போட்டேன்"ங்கிறதும் உதவாது, நாள் கணக்குல தங்குற மருந்துன்னு மேலயே பாத்தோம்.

அடுத்தது டிரமடால், கோடீன் மாதிரி ஓபியாய்டு மருந்து, அதாவது அபின் மாதிரி வேலை செய்யுற வகை. முட்டி வலிக்கு ஒரு டாக்டர் டிரமடால் குடுப்பாரு, தூக்கத்துக்கு இன்னொரு டாக்டர் குளோனசிபாம் குடுப்பாரு, ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. எஃப்டிஏ இந்த ஜோடிக்குன்னே 2016ல தனி எச்சரிக்கை போட்டாங்க. கோடீன் இருமல் சிரப்புலயும் வரும், அதையும் கவனிங்க.

யாருமே எதிர்பாக்காதது மூணாவது, அதான் படர்தாமரை மருந்து. நம்ம ஊர் வேர்வைக்கு இடுப்புலயும் தொடையிலயும் படர்தாமரை வந்து, இட்ராகோனசோல் கேப்சூல் வாரக்கணக்கா சாப்பிடுறவங்க ஏராளம். அல்பிரசோலாமை உடைக்கிற கல்லீரல் என்சைமை இது அடைச்சிடும், அதனால அதே 0.5 எம்ஜி உடம்புல ரொம்ப கூடுதல் நேரம் நிக்கும், ஆளு நாள் முழுக்க கிறங்கிக் கிடப்பாரு. அல்பிரசோலாம் சாப்பிடுறவங்க அதோட இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் ரெண்டுல எதையும் சாப்பிடவே கூடாது. கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கும் இதே வேலையைப் பண்ணும். டிபிக்குக் குடுக்குற ரிஃபாம்பிசின் நேர் எதிரா, மருந்தை சீக்கிரமே கரைச்சுடும், பழகின உடம்புக்கு அது திடீர்னு நிறுத்தின மாதிரி ஆகிப்போகலாம். தோல் டாக்டருக்கும் டிபி ஆஸ்பத்திரிக்கும் போகும்போது "எனக்கு டென்சன் மாத்திரை ஓடுது"ன்னு சொல்ல கூச்சப்படாதீங்க.

சளி மாத்திரையில இருக்குற குளோர்பெனிரமின், செட்டிரிசின் இதெல்லாம் தூக்கத்தைக் கூட்டும், அந்த ராத்திரி வண்டி ஓட்டாதீங்க.

யாருக்கு கூடுதல் கவனம்

வயசானவங்களைப் பத்திதான் நிறைய சொல்லணும். 65 வயசுக்கு மேல பென்சோவை முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும்னு அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தோட பியர்ஸ் பட்டியல் சொல்லுது. காரணம் சாதாரணமானது. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எந்திரிக்கிற அப்பத்தாவுக்கு கால் நிதானம் இருக்காது, வாசப்படி தடுக்கும், ஈரத்தரை வழுக்கும், இடுப்பு எலும்பு உடையும். ஆபரேஷன், படுக்கை, படுக்கைப் புண்ணுன்னு அந்த ஒரு இரவுல இருந்து குடும்பமே மாறிப்போகும். அதுபோக ஞாபக மறதி. "வயசாயிருச்சு, அதான் மறக்குது"ன்னு விட்டுடுறோம், பல பேருக்கு மாத்திரையைக் குறைச்சதும் பேச்சு தெளியுது. அதுக்காக அவங்களுக்கும் ஒரே நாள்ல நிறுத்தக்கூடாது, இன்னும் மெதுவாத்தான் குறைக்கணும்.

கர்ப்பமா இருக்குறவங்க, தெரிஞ்ச உடனே பயந்து நிறுத்தாம டாக்டரைப் பாருங்க. பிரசவம் நெருங்குற வரைக்கும் சாப்பிட்டா பிறக்குற குழந்தை சோர்ந்து போயி, பால் குடிக்க சிரமப்படலாம், அதனால முன்னாடியே திட்டம் போடணும்.

குறட்டையோட மூச்சு நிக்கிற ஆளுங்க, நுரையீரல் கெட்டவங்க இந்த மாத்திரையை சொந்தமா தொடவே கூடாது.

மதுரை மாட்டுத்தாவணியில இருந்து ராத்திரி வண்டி எடுக்குற டிரைவர்களுக்கு ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு குடிக்கு மட்டும்னு நினைக்கிறாங்க, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்து மயக்கத்துல ஓட்டினாலும் அதே பிரிவுதான்.

மெடிக்கல்ல ஏன் தரமாட்டேங்குறாங்க

சிம்மக்கல்லுலயோ மேலூர்லயோ ஒரு மெடிக்கல் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னா இது கண்ணுல படும். மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சுபோன ஒரு சீட்டை நீட்டி ஒரு அம்மா, "ஏய்யா, இதே மாத்திரை ஒரு அட்டை குடுய்யா"ம்பாங்க. கடைத்தம்பி தேதியைப் பாத்துட்டு, "இது போன வருசத்து சீட்டும்மா, புதுசு வேணும்"பாரு. "மூணு வருசமா சாப்பிடுறேன், இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?"ன்னு அவங்களுக்குக் கோவம். அந்தத் தம்பி பண்றது சரி. ஆனா அந்த அம்மா வெறுங்கையோட வீட்டுக்குப் போனா நாளைக்கு ராத்திரி என்ன ஆகும்ங்கிறதையும் யாராவது யோசிக்கணும். தரமாட்டேன்னு சொல்றதோட நிறுத்தாம, "நாளைக்கே டாக்டரைப் பாத்துடுங்க, திடீர்னு நிறுத்தக்கூடாது"ன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா நல்லாயிருக்கும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா:

1. ஷெட்யூல் எச்1. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத, கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துங்களோட பட்டியல். 2013ல அறிவிச்சு 2014 மார்ச்ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. அல்பிரசோலாம், டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு, நைட்ரசிபாம், மிடசோலாம், சோல்பிடம், டிரமடால் எல்லாம் இதுல இருக்கு. கடைக்காரர் தனி நோட்டுல டாக்டர் பேரு, நோயாளி பேரு, மருந்து, எத்தனை குடுத்தாங்கன்னு எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும். அட்டையில சிவப்புக் கட்டத்துல எச்சரிக்கை இருக்கும்.

2. என்டிபிஎஸ் சட்டம், 1985, அதான் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். இந்தக் குடும்பத்துல பல மருந்து இதுக்குக் கீழயும் வருது, அட்டையில சிவப்புல என்ஆர்எக்ஸ்னு போட்டிருக்கும். செய்தில வர்ற கைது எல்லாம் சீட்டு இல்லாம வாங்கி விக்கிறவங்க மேல. தன் வைத்தியத்துக்கு டாக்டர் சீட்டோட வச்சிருக்குறவங்க குற்றவாளி கிடையாது. என்டிபிஎஸ் விதி 66 படி சொந்த வைத்தியத்துக்கு ஒரு நேரத்துல 100 மாத்திரை வரைக்கும் வச்சிருக்கலாம், நீண்டநாள் தேவைன்னு டாக்டர் குறிப்பா எழுதியிருந்தா 300 வரைக்கும். சீட்டை மாத்திரையோடவே வச்சுக்கங்க.

3. பக்கத்து வீட்டுக்காரருக்கு "ரெண்டு போட்டுப் பாருங்க"ன்னு எடுத்துக் குடுக்குறது பாசத்துல பண்ற காரியம்தான், ஆனா அவருக்கு ஆஸ்துமா இருக்கா, குடிக்கிறவரா, டிரமடால் ஓடுதான்னு உங்களுக்குத் தெரியாது.

வெளிநாடு போறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். மதுரை ஏர்போர்ட்ல இருந்து துபாய்க்கு விமானம் ஏறுற ராமநாதபுரம், சிவகங்கை, மேலூர் ஆளுங்க ஆறு மாச மாத்திரையை பையில அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறாங்க. அமீரகத்துல இந்த மருந்துங்க கட்டுப்பாட்டுல இருக்கு, அந்த நாட்டு சுகாதாரத் துறைகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இங்க சட்டப்படி வாங்கினதுங்கிறது அங்க செல்லாது. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட பேசுங்க.

எப்படி குறைப்பாங்க

இங்கிலாந்துல நியூகாசில்ல 1982ல இருந்து 1994 வரைக்கும் இதுக்குன்னே தனி கிளினிக் நடத்தினவங்கதான் மேல சொன்ன ஹெதர் ஆஷ்டன். மெதுவா குறைச்சா பெரும்பாலானவங்க விட்டுடலாம்ங்கிறதை அவங்க அனுபவத்துல காட்டினாங்க. அமெரிக்காவுல பல மருத்துவ சங்கங்க சேந்து 2025ல வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொல்லுது, ஆரம்பத்துல 2ல இருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை 5லிருந்து 10 சதவீதம் குறைங்க, பொதுவா ரெண்டு வாரத்துல 25 சதவீதத்தைத் தாண்டாதீங்கன்னு.

கணக்கு போட்டுப் பாருங்க, ஏன் இதை வீட்டுலயே செய்ய முடியாதுன்னு புரியும். ஒருத்தர் அல்பிரசோலாம் 0.5 காலையும் ராத்திரியும், மொத்தம் 1 எம்ஜி சாப்பிடுறாருன்னு வைங்க. 10 சதவீதம்னா 0.1 எம்ஜி. கடையில வழக்கமா கிடைக்கிறதுல சின்னது 0.25. பிளேடால வெட்டினா ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் தூளு. அதனால சில பேருக்கு டாக்டர் நீண்டநேரம் தங்குற டயசிபாமுக்கோ குளோனசிபாமுக்கோ மாத்தி, அதுல இருந்து படிப்படியா இறக்குவாங்க. எஸ்ஆர், எக்ஸ்ஆர்னு போட்ட மாத்திரையை வெட்டவே கூடாது, மெதுவா கரைய வேண்டியது மொத்தமா இறங்கிடும். கடைசிக் கொஞ்சம் அளவைக் குறைக்கிறதுதான் கஷ்டம், அங்க அவசரப்படாதீங்க, மாசக்கணக்கு ஆனாலும் பரவாயில்ல.

கூடவே நோய்க்கு நிஜமான வைத்தியம் ஓடணும், இல்லைன்னா குறைச்சதுக்கு அர்த்தமில்ல. எஸ்எஸ்ஆர்ஐ ஆரம்பிக்கிற முதல் சில வாரம் பதட்டம் கூடற மாதிரி இருக்கும், அந்த இடைவெளியைத் தாண்டத்தான் பென்சோவை சேத்துக் குடுக்குறாங்க, தாண்டினதும் அதை எடுத்துடணும். எஸ்எஸ்ஆர்ஐயையும் பட்டுன்னு நிறுத்தாதீங்க, தலைசுத்தல், உடம்புல ஷாக் அடிக்கிற மாதிரி வரும். 25 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு ஆரம்பத்துல தற்கொலை எண்ணம் வருதான்னு வீட்டுல கவனிக்கணும், வயசானவங்களுக்கு ரத்தத்துல சோடியம், அதான் உப்பு, இறங்கலாம். சிபிடிங்கிற பேச்சு சிகிச்சை நல்லா வேலை செய்யுது. தைராய்டு கூடுனாலும் இதே படபடப்பு வரும், அதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாக்காம மாத்திரை ஆரம்பிச்சிருந்தா, இப்பவாவது கேளுங்க. ஒரு நாளைக்கு ஆறேழு டீ குடிக்கிறவங்க அதைப் பாதியாக்கிட்டு அப்புறம் டாக்டரைப் பாருங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது

1. இதுல பென்சோ இருக்கா, அதோட பேரு என்ன?
2. எத்தனை வாரத்துக்கு, நிறுத்துறது எப்படி, அதுக்கு எப்ப வரணும்?
3. தினமுமா, தேவைப்படும்போது மட்டுமா?
4. ஒரு வேளை மறந்தா என்ன பண்றது? (மறந்ததுக்காக அடுத்த வேளை ரெண்டா போடக்கூடாதுங்கிறது பொதுவான விதி.)
5. என் மத்த மாத்திரையோட இது ஒத்துப்போகுமா?

ரெண்டாவது கேள்விக்கு "சாப்பிட்டுக்கிட்டே இருங்க, பாப்போம்"னு பதில் வந்தா திரும்பவும் கேளுங்க. அது உங்க உரிமை.

மதுரையில எங்க போறது

பனகல் ரோட்டுல இருக்குற அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில, அதான் நம்ம பெரியாஸ்பத்திரியில, மனநலத் துறை ஓபி இருக்கு, காசு கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்துல தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் மனநல டாக்டர் குறிப்பிட்ட நாள்ல வருவாங்க, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஆளுங்க அங்கயே விசாரிங்க. போன்லயே பேசணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 2022 அக்டோபர்ல இருந்து நாடு முழுக்க ஓடுது, தமிழ்ல பேசலாம், ராத்திரியிலயும் எடுப்பாங்க. தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி எண் 104ம் இருக்கு.

மாத்திரை போட்டவரை எழுப்பியும் எந்திரிக்கலை, மூச்சு ரொம்ப மெதுவா வருது, உதடு நீலமாயிருச்சு, இல்ல நிறுத்தினவருக்கு வலிப்பு வந்துருச்சு, ஆளு தெரியாம உளர்றாருன்னா காத்திருக்காதீங்க, 108க்கு கூப்பிடுங்க, அட்டையைக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்டுல மனசு ஒடிஞ்சு இருக்குறவங்க யாராவது இருந்தா மாத்திரை டப்பாவைப் பூட்டி வைங்க, ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துக் குடுங்க.

ஓபிக்குப் போகும்போது சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, தைலம், சிரப்பு, நாட்டு மருந்து உள்பட. சீட்டு தொலைஞ்சுபோச்சேன்னு வீட்டுலயே உக்காந்துடாதீங்க, காலி அட்டை இருந்தாக்கூட போதும், அதுவும் இல்லைன்னா வழக்கமா வாங்குற மெடிக்கல்ல போயி கேளுங்க, எச்1 நோட்டுலயோ பில்லுலயோ மருந்து பேரும் பவரும் இருக்கும்.